இருளும் முகிலும்



இரவு, மழை, மூடுபனி ஆகியவற்றை ஒரே வகைத் தடைகளாகவே நாம் எண்ணிப் பழகியிருக்கின்றோம். கண்ணுக்குப் பொருள் புலப்படவில்லையாயின், அதற்குக் காரணம் இருளாயினும் முகிலாயினும் விளைவு ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால், விண்ணிற் பறந்து சென்று நிலத்திலுள்ள ஓர் இலக்கைத் தேடும் விமானிக்கு இவ்விரண்டும் வெவ்வேறான இரு பகைகளாகும். இருளை வெல்லும் கருவி முகிலின் முன்னே தோற்றுவிடும். முகிலை ஊடுருவும் கருவியோ பொருளின் உருவை எளிதில் நுணுக்கமாகக் காட்டமாட்டாது. இவ்வுண்மையை விளக்குவதற்காக, கப்பலிலிருந்து பறப்பதற்கென ஆக்கப்பட்ட ஒரு போர்விமானம் தன் ஆயுளின் பிற்பகுதியிலே இரவுத் தாக்குதலுக்கு ஏற்றதாக மாற்றியமைக்கப்பட்ட வரலாற்றை இன்று எடுத்துக்கொள்கின்றேன். அது ஐக்கிய அமெரிக்கக் கடற்படைக்கு உரியதாயிருந்த எப்-14 என்னும் விமானம். டொம்கட் என்ற பெயரால் அது பலராலும் அறியப்பட்டது.

போர்க்கருவி ஒன்றைப் புகழ்ந்து பேசுவது என் நோக்கமன்று. அக்கருவியினுள் அடங்கியிருக்கும் விஞ்ஞானத்தையும், அந்த விஞ்ஞானத்தின் எல்லையையும் விளங்கிக்கொள்வதே நோக்கம். கப்பலிலிருந்து எழும் விமானம் யாது செய்யும் என்பதை நமது தீவும் ஒருகாலத்தில் நேரிற் கண்டதுண்டு. 1942 ஆம் ஆண்டு ஏப்ரில் மாதம் 5 ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் ஐந்திலிருந்து புறப்பட்ட 120 க்கு மேற்பட்ட விமானங்கள் கொழும்பைத் தாக்கின. நான்கு நாட்களின் பின்னர் திருகோணமலை தாக்கப்பட்டது. அதே நாளில், விமானந்தாங்கியாகவே திட்டமிடப்பட்டுக் கட்டத் தொடங்கப்பெற்ற முதற் கப்பலாகிய பிரித்தானியாவின் 'ஹேர்மிஸ்' மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலில் மூழ்கடிக்கப்பட்டது.

அந்தத் தாக்குதல்கள் நிகழ்ந்த வேளையை நேயர்கள் கவனித்தல் வேண்டும். கப்பல்கள் இருளின் மறைவிலே தீவை அணுகின. ஆயினும் குண்டுகள் வீழ்ந்தது பொழுது புலர்ந்த பின்னரே. இலக்கைக் காண்பதற்கு அக்காலத்து விமானிக்குச் சூரிய வெளிச்சம் இன்றியமையாததாயிருந்தது. இருட்டிலே தாக்குதல் நடத்திய நிகழ்ச்சிகளும் சில உண்டு. 1940 நொவெம்பர் 11 ஆம் திகதி இரவு, இத்தாலியின் தாரந்தோத் துறைமுகத்திலே நின்ற போர்க்கப்பல்களைப் பிரித்தானியாவின் 21 'சுவோட்பிஷ்' விமானங்கள் தாக்கின. அவ்விமானங்கள் நிலவொளியையும், பரசூட்டில் மிதந்து எரியும் வெளிச்சக் குண்டுகளையுமே துணையாகக் கொண்டன. அஃதாவது, இரவிலே தொழில் செய்வதற்கு அவர்கள் சிறிதளவு பகலைத் தம்முடன் எடுத்துச் சென்றனர் எனலாம்.

தரையிலுள்ள ஓடுபாதையிலிருந்து எழும் விமானத்துக்கும் கப்பலிலிருந்து எழும் விமானத்துக்கும் உள்ள வேறுபாட்டை இவ்விடத்திற் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். கப்பலின் தளம் நீளத்திற் குறுகியது. ஆதலால், நீராவியால் இயங்கும் உந்துபொறி ஒன்று விமானத்தை முன்னோக்கி எறிந்து விண்ணிலேற்றும். திரும்பி வரும்போது, விமானத்தின் வாற்புறத்திலுள்ள கொளுக்கி தளத்தின் குறுக்கே கட்டப்பட்டிருக்கும் உருக்குக் கம்பிகளுள் ஒன்றைப் பற்றிக்கொள்ளல் வேண்டும். பற்றத் தவறினால் மீண்டும் எழுந்து சுற்றிவரல் வேண்டும். அத்தளமோ அலையில் எழுந்து தாழ்வது, முன்னோக்கி நகர்ந்துகொண்டேயிருப்பது. இரவில் விமானிக்குத் தெரிவன சில விளக்குகளும், சரியான சரிவிலே இறங்குகின்றானா என்பதைக் காட்டும் ஒளிக்கருவியுமேயாம். எனவே, கடற்படை விமானிக்கு இலக்கைக் காண்பது ஒருபாதித் தொழிலெனின், இருட்டிலே தன் வீட்டைத் தேடித் திரும்புவது மறுபாதித் தொழிலாகும்.

இக்காரணத்தால், கப்பலில் ஏற்றப்படும் ஒவ்வொரு கருவிக்கும் நிறைக் கணக்கு உண்டு. டொம்கட் விமானம் புறப்படும்போது 33 தொன் வரை நிறை கொள்ளும். ஆனால், இறங்கும்போது ஏறத்தாழ 24 தொன்னுக்கு மேற்படலாகாது. இலக்கைக் காணாமல் வீசாது விட்ட குண்டுகள், மீதி எரிபொருள், புதிதாகப் பூட்டிய கருவி ஆகிய யாவும் இக்கணக்கினுள் அடங்கல் வேண்டும். தரைப்படைத் தளத்தில் எளிதாகச் செய்யக்கூடிய மாற்றம் கப்பலிலே கடினமாவது இதனாலேயே.

இரண்டாம் உலக யுத்தக் காலத்தில் ராடார் என்னும் கருவி விமானத்தில் ஏறத் தொடங்கியது. வானொலி அலைகளை அனுப்பி, அவை பொருளில் மோதித் திரும்பும் எதிரொலியைக் கொண்டு பொருளின் திசையையும் தூரத்தையும் அறிவதே ராடாரின் முறை. அமெரிக்காவின் கிரமன் கம்பனி அமைத்த 'ஹெல்கட்' போர்விமானங்கள் சிலவற்றின் வலது இறகிலே சிறியதொரு ராடார்க் கூடு பொருத்தப்பட்டது. பகல் விமானம் இவ்வாறு இரவு விமானமாயிற்று. வலது இறகிலே ஒரு கண்ணைப் பூட்டும் இவ்வுபாயத்தை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளல் நன்று. அரை நூற்றாண்டு கழித்து அதே கம்பனியின் வேறொரு விமானத்தில் அதனை நாம் மீண்டும் காண்போம்.

யுத்தத்தின் பின்னர், இருளிலும் மாரியிலும் தொழிற்படுவதற்கென்றே அக்கம்பனி ஆக்கிய விமானம் ஏ-6 'இன்ட்ரூடர்' ஆகும். இது 1960 ஆம் ஆண்டிலே முதன்முதற் பறந்தது. விமானியும் குண்டுவீச்சு அதிகாரியும் இதில் அருகருகே அமர்ந்திருப்பர். வட வியட்நாமிலே வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் தாழ்ந்த முகில்கள் நாட்கணக்கில் நிலத்தை மூடியிருப்பதுண்டு. ஏனைய விமானங்கள் வாளாவிருந்த அந்நாட்களில், ராடாரின் துணைகொண்டு தனித்துச் சென்று தாக்குவதற்கு இது பயன்படுத்தப்பட்டது. 1966 ஏப்ரிலில் ஊங் பீ என்னுமிடத்து மின்னிலையத்தை இவ்வகை விமானங்கள் இரண்டே இரவிற் சென்று தாக்கின. பிற்காலத்தில் இதன் மூக்கின் கீழே வெப்பத்தைக் காணும் கண்ணும் சேர்க்கப்பட்டது. எனவே, கடற்படையில் தொழிற்பிரிவு தெளிவாயிருந்தது. இரவிலும் முகிலிலும் தாக்குவது இன்ட்ரூடரின் வேலை. கப்பற் கூட்டத்தை வானத்திலே காப்பது டொம்கட்டின் வேலை.

1970 டிசெம்பரில் முதன்முதற் பறந்த டொம்கட், 1974 இல் விமானந்தாங்கிக் கப்பலோடு முதற் கடற்பயணம் சென்றது. சோவியத் நாட்டின் நீண்டதூரக் குண்டுவிமானங்கள் ஏவுகணைகளை எய்யும் முன்னரே அவற்றைத் தொலைவில் மறித்தல் அதன் கடமை. ஆதலின், ஒரே வேளையில் 24 விமானங்களைக் கண்காணிக்கவும் ஆறு ஏவுகணைகளை வெவ்வேறு இலக்குகளுக்குச் செலுத்தவும் வல்ல ராடார் அதற்கு அளிக்கப்பட்டது. முன்னிருக்கையில் விமானி, பின்னிருக்கையில் ராடாரை ஆளும் அதிகாரி. வேகத்துக்கேற்ப இறகுகள் 20 பாகையிலிருந்து 68 பாகை வரை பின்னோக்கி மடியும். இத்தனை வல்லமை இருந்தும், கீழே நிலத்திலுள்ள ஒரு பாலத்தையோ கட்டிடத்தையோ இரவில் இனங்காண அதனால் இயலவில்லை. வெறுவெளியில் விரையும் விமானத்தைப் பிரித்தறிவதற்கென அமைந்த ராடார், மரமும் மலையும் வீடும் வீதியும் கலந்து கிடக்கும் நிலத்தின் படத்தை நுணுக்கமாக வரைவதற்கு அமைந்ததன்று.

1991 ஆம் ஆண்டு இந்த ஒழுங்கைக் குலைத்துவிட்டது. இன்ட்ரூடருக்குப் பதிலாக வரவிருந்த ஏ-12 என்னும் விமானத் திட்டம் செலவு மிகுந்து காலமும் தாழ்ந்தமையால் அவ்வாண்டு ஜனவரியிற் கைவிடப்பட்டது. ஆண்டு முடியுமுன் சோவியத் ஒன்றியமே மறைந்தது. டொம்கட் எந்தக் குண்டுவிமானங்களுக்காகக் காத்திருந்ததோ, அவை வரப்போவதில்லை. இன்ட்ரூடர் விமானங்களோ முதுமையடைந்து 1997 இல் சேவையிலிருந்து நீங்கின. ஆகவே, ஒருபுறத்தில் வேலையில்லாத விமானம்; மறுபுறத்தில் விமானமில்லாத வேலை. இவ்விரண்டையும் இணைக்க முடியுமா என்பதே அன்றெழுந்த வினா. குண்டைச் சுமக்கும் வலிமை டொம்கட்டுக்கு முன்னரே உண்டு. அதற்கு வேண்டியிருந்தது கண்.

நேயர்களே, அந்தக் கண்ணின் இயல்பை அறிவதற்கு நாம் 1800 ஆம் ஆண்டுக்குச் செல்லல் வேண்டும். அவ்வாண்டில் வில்லியம் ஹேர்ஷல் என்னும் வானியலறிஞர், சூரிய ஒளியை ஓர் அரியத்தினூடே செலுத்தி ஏழு நிறங்களாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்திலும் வெப்பமானியை வைத்துப் பார்த்தார். சிவப்பு நிறம் முடிந்து கண்ணுக்கு ஒன்றும் தோன்றாத இடத்தில் வைத்த வெப்பமானியும் ஏறிற்று. கண்ணுக்குத் தெரியாத கதிரொன்று அங்கு உண்டு என்பது இதனாற் புலனாயிற்று. சிவப்புக்குக் கீழுள்ளதாகையால் அதனைச் செங்கீழ்க் கதிர் என்கின்றோம்.

இக்கதிரின் சிறப்பு யாதெனில், உலகிலுள்ள எல்லாப் பொருள்களும் தம் வெப்பத்துக்கேற்ப இதனை வெளிவிட்டுக்கொண்டேயிருப்பதுதான். நெருப்பு மட்டுமன்று, சுவரும், பாறையும், நிறுத்தி வைத்த மோட்டார் வண்டியும், மனித உடலும் இக்கதிரை வீசுகின்றன. பார்க்கும் கண் நமக்கு இருக்குமாயின், நள்ளிரவிலும் உலகம் தன் சொந்த ஒளியால் விளங்குவதைக் காண்போம். சாதாரண வெப்பநிலையிலுள்ள பொருள்கள் மிகுதியாக வீசும் கதிரின் அலைநீளம் ஒரு மில்லிமீற்றரின் நூறிலொரு பங்கு. அவ்வலைநீளத்தையொட்டிய கதிர்களை நமது வளிமண்டலம் பெரும்பாலும் தடையின்றி விடுகின்றது. இத்தகைய விமானங்களில் அவற்றை உணரும் கருவியைக் கடுங்குளிரில் வைத்தல் வேண்டும். இல்லையேல், கருவி தனது சொந்த வெப்பத்தையே கண்டு மயங்கிவிடும். இவ்வாறு குளிரூட்டப்பட்ட உணர்கருவியில் விழும் வெப்ப வேறுபாடுகள் மின்குறிகளாகி, தொலைக்காட்சித் திரை போன்ற ஒன்றிலே கருப்பும் வெளுப்புமான படமாகத் தோன்றுகின்றன.

இக்கண்ணுக்கு முற்றான இருள் ஒரு தடையன்று. ஆயினும், அதற்கும் சில வேளைகளில் மயக்கம் உண்டு. பகல் முழுவதும் வெயிலில் காய்ந்த உலோகம் விரைவிற் குளிரும். மண்ணும் நீரும் மெல்லக் குளிரும். மாலையில் ஒருமுறையும் காலையில் ஒருமுறையும் இவையெல்லாம் ஏறத்தாழ ஒரே வெப்பநிலையை அடையும் நேரம் வரும். அப்போது படத்திலே பொருளும் பின்னணியும் ஒன்றாகிவிடும். மனிதக் கண்ணுக்கு நன்றாகத் தெரியும் அந்தி வெளிச்சத்திலேயே இந்தக் கண் மங்கிப்போவது வியப்புக்குரியதன்றோ?

செங்கீழ்க் கதிர்க் கண்ணையும் லேசர் ஒளியையும் ஒரே கூட்டில் அடக்கிய கருவியொன்றை அமெரிக்க விமானப்படை முன்னரே தன் விமானங்களுக்கென உருவாக்கியிருந்தது. லான்டேர்ன் என்பது அதன் பெயர். நீண்டதொரு பெயரின் முதலெழுத்துக்களைத் தொகுத்தமைத்த பெயராயினும், ஆங்கிலத்திலே இராந்தலைக் குறிக்கும் சொல்லின் ஒலியை ஒத்திருப்பது பொருத்தமே. கூட்டின் நீளம் ஏறத்தாழ இரண்டரை மீற்றர். நிறை 240 கிலோகிராம் அளவு. இலேசரின் வேலை இலக்கைச் சுட்டிக் காட்டுதல். கண்ணுக்குத் தெரியாத லேசர்ப் புள்ளியொன்று இலக்கின்மேல் விழும். குண்டின் மூக்கிலுள்ள உணர்கருவி அப்புள்ளியிலிருந்து தெறித்து வரும் ஒளியைத் தேடி, சிறு செட்டைகளை அசைத்து, அதனை நோக்கியே வீழும். இருட்டறையிலே ஒருவர் மின்சூளின் ஒளியை ஒரு பொருளின்மேற் பிடிக்க, மற்றொருவர் அந்த வெளிச்சத்தை நோக்கி எறிவது போன்றது இது.

இதனை டொம்கட்டில் இணைப்பதிலே ஒரு சிக்கல் இருந்தது. லான்டேர்ன் புதிய காலத்துக் கருவி. பழைய டொம்கட்டின் கணினிகளோ 1960 களின் பிற்பகுதியிற் கருக்கொண்டவை. இரண்டும் ஒன்றோடொன்று பேசும் மொழி வேறு. விமானத்தின் கணினி முறை முழுவதையும் மாற்றுவதென்றால் காலமும் பணமும் மிகுதியாக வேண்டும். ஓய்வு பெறும் நாள் எதிர்நோக்கியிருக்கும் விமானத்துக்கு அத்துணைச் செலவை எவரும் ஒப்புக்கொள்ளார்.

பொறியியலாளர் கண்ட வழி எளிமையானது. விமானத்தை மாற்றாமல், கூட்டையே தன்னறிவுள்ளதாக ஆக்கினர். செய்மதிகளிலிருந்து வரும் குறிகளைக் கொண்டு தன் இருப்பிடத்தை அறியும் ஜீ.பீ.எஸ். கருவியும், தன் அசைவுகளைத் தானே அளக்கும் கருவியும் கூட்டினுள்ளேயே வைக்கப்பட்டன. தான் எங்கே நிற்கின்றது, எத்திசையை நோக்குகின்றது, குண்டை எப்போது விடுதல் வேண்டும் என்பனவற்றைக் கூடே கணித்துக்கொள்ளும். விமானத்திடமிருந்து அது பெற வேண்டியது மிகச் சிலவே. படத்தைக் காட்டுவதற்குப் புதிய திரை வைக்கவும் பெரும் பாடு படவேண்டியிருக்கவில்லை. தொலைவிலுள்ள விமானங்களைப் பகலில் இனங்காண்பதற்கெனத் தொலைக்காட்சிக் கருவியொன்று டொம்கட்டின் மூக்கின் கீழே முன்னரே இருந்தது. அதன் படம் தோன்றிய திரையிலேயே இப்படமும் தோன்றிற்று. பின்னிருக்கை அதிகாரியின் இடக்கைப் பக்கத்தில் கண்ணைத் திருப்பும் கைப்பிடியொன்று பொருத்தப்பட்டது. கூடு எங்கே பூட்டப்பட்டது? வலது இறகின் கீழே. ஹெல்கட்டை நேயர்கள் மறந்திருக்கமாட்டீர்கள்.

1995 ஆம் ஆண்டு இளவேனிலில் பரீட்சைக் குண்டுகள் வீசப்பட்டன. 1996 ஜூனில், 'என்ரபிறைஸ்' என்னும் கப்பலிற் சென்ற படைப்பிரிவொன்று இக்கருவியோடு புறப்பட்டது. ஓராண்டுக்குச் சிறிது மேற்பட்ட காலத்தில், வானத்தைக் காத்த விமானம் இரவிலே நிலத்தைத் தாக்கும் விமானமாகிவிட்டது. விமானியின் அறையிலும் ஒரு மாற்றம் செய்யப்பட்டது. நட்சத்திர வெளிச்சத்தைப் பல்லாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் இரவுக்கண்ணாடிகள் அவனுக்கு வழங்கப்பட்டன. ஆனால், பழைய செந்நிற விளக்குகள் அக்கண்ணாடியினூடே கண்ணைக் கூசச் செய்யும். ஆதலால், அறையின் விளக்குகள் அக்கண்ணாடிக்கு இசைந்த பசுமை நிறத்தனவாக மாற்றப்பட்டன. பெரிய கருவி வெற்றி பெறுவதற்குச் சிறு விளக்கும் ஒத்துழைத்தல் வேண்டும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு. 1998 டிசெம்பரில் ஈராக்கின்மேல் நிகழ்ந்த நான்கு நாள் இரவுத் தாக்குதல்களில் டொம்கட் இக்கண்ணை முதன்முறையாகப் போரிலே பயன்படுத்திற்று.

இதுகாறும் இருளைப் பற்றியே பேசினோம். இனி முகிலுக்கு வருவோம். அடுத்த ஆண்டாகிய 1999 இல் யூகோசிலாவியாவின்மேல் 78 நாட்கள் விமானத் தாக்குதல் நடந்தபோது, முகில் தன் வலிமையைக் காட்டிற்று. பல நாட்களில் விமானங்கள் இலக்கைக் காணமாட்டாமல் குண்டுகளோடு திரும்பின. காரணம் யாது? முகில் என்பது மிகச் சிறிய நீர்த்துளிகளின் திரள். அத்துளிகளின் பருமன் ஏறத்தாழச் செங்கீழ்க் கதிரின் அலைநீளத்தை ஒத்தது. எனவே, அக்கதிர் துளிகளால் விழுங்கப்பட்டும் சிதறடிக்கப்பட்டும் போகின்றது. லேசர் ஒளிக்கும் அதே கதி. மலைநாட்டு வீதியிலே மூடுபனியில் மோட்டார் வண்டியின் விளக்கை எவ்வளவு கூட்டினாலும் வெண்திரையே தெரிவதைப் போன்றதே இது. மேலும், குண்டு வீழ்ந்து முடியும் அந்த அரை நிமிடத்தின் இறுதியில் ஒரு சிறு முகில் குறுக்கிட்டாலும், லேசர்ப் புள்ளி மறைந்து குண்டு வழி தவறிவிடும்.

ராடாரின் அலை ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளமுடையது. நுண்துளிகளை அது பொருட்படுத்தாமற் கடந்து செல்லும். அவ்வாறாயின் ராடாரையே பயன்படுத்தலாமே என்று கேட்பீர்கள். இங்கே ஒரு சிறு கணக்குச் செய்து பார்ப்போம். எந்தக் கண்ணுக்கும் அதன் கூர்மை, அலைநீளத்தைக் கண்ணின் அகலத்தால் வகுத்து வருவதைப் பொறுத்தது. டொம்கட்டின் ராடார்த் தட்டின் அகலம் 90 சென்ரிமீற்றர். மூன்றைத் தொண்ணூறால் வகுக்க முப்பதிலொன்று வரும். அஃதாவது, 30 கிலோமீற்றருக்கு அப்பால் அதன் கதிர்க்கற்றை ஒரு கிலோமீற்றர் அகலத்துக்கு விரிந்துவிடும். அந்த அகலத்தினுள் அடங்கும் வீடுகளும் தெருக்களும் பக்கவாட்டில் ஒரே எதிரொலியாகக் கலந்துபோகும். செங்கீழ்க் கதிருக்கு இக்கணக்கைச் செய்தால், 20 சென்ரிமீற்றர் வாயுள்ள கண்ணொன்று அதே தூரத்தில் ஒன்றரை மீற்றர் இடைவெளியைப் பிரித்தறிதல் கூடும். ஆகவே, இத்தகைய அகலமுள்ள கண்களில், நீண்ட அலை முகிலைக் கடக்கும், நுணுக்கம் காணாது. குறுகிய அலை நுணுக்கம் காணும், முகிலைக் கடக்காது. இஃது இயற்கையின் விதி. எந்தக் கம்பனியும் இதனை மாற்ற இயலாது.

விதியை மாற்ற இயலாதபோது வினாவை மாற்றலாம். குண்டு இலக்கைக் காணத்தான் வேண்டுமா? இலக்கு இருக்கும் இடத்தின் அளவு முன்னரே தெரியுமாயின், காணாமலே அவ்விடத்திற்குச் செல்லலாமன்றோ? இக்கருத்தினின்று பிறந்ததே ஜேடாம் எனப்படும் கருவி. சாதாரணக் குண்டின் வாற்பகுதியிலே செய்மதிக் குறிகளைப் பெறும் கருவி பொருத்தப்படும். அகலாங்கும் நெட்டாங்கும் உயரமும் எண்களாகக் கொடுக்கப்படும். முகிலோ, புகையோ, மணற்புயலோ இருப்பினும் குண்டு அவ்வெண்கள் குறிக்கும் இடத்துக்குச் செல்லும். டொம்கட் விமானங்கள் 2002 ஆம் ஆண்டிலே ஆப்கானிஸ்தானில் இதனைப் பயன்படுத்தத் தொடங்கின. இருளை ஒரு கருவியாலும் முகிலை வேறொரு கருவியாலும் வென்ற பின்னர், 2006 செப்டெம்பரில் அவ்விமானம் அமெரிக்கக் கடற்படையின் சேவையிலிருந்து ஓய்வு பெற்றது.

வென்றது என்றேன், அச்சொல்லைச் சற்று ஆராய்தல் வேண்டும். 1999 மே மாதம் 7 ஆம் திகதி இரவு, பெல்கிரேட் நகரிலிருந்த சீனத் தூதரகத்தின்மேல் இத்தகைய செய்மதிக் குண்டுகள் வீழ்ந்தன. அவற்றை வீசியது டொம்கட் அன்று. தரைத் தளத்திலிருந்து சென்ற பெரிய குண்டுவிமானம். சீனப் பத்திரிகையாளர் மூவர் உயிரிழந்தனர். வேறொரு கட்டிடத்தைத் தாக்கவே எண்ணியிருந்ததாகவும், இடத்தைத் தவறாகக் குறித்துவிட்டதாகவும் ஐக்கிய அமெரிக்கா விளக்கம் கூறிற்று. சீனா அவ்விளக்கத்தை ஏற்கவில்லை. அவ்விளக்கத்தின்படி பார்த்தாலும், குண்டு வழி தவறவில்லை. தனக்குச் சொல்லப்பட்ட இடத்துக்கே அது சென்றது.

அதற்கு எட்டு ஆண்டுகள் முன்னர், 1991 பெப்ரவரி 13 ஆம் திகதி விடியுமுன், பக்தாத் நகரின் அமிரியா என்னும் பகுதியிலுள்ள நிலவறையொன்றை லேசர்க் குண்டுகள் தாக்கின. அதனையும் வீசியவை கப்பல் விமானங்களல்ல. எனினும் கண்ணும் லேசரும் நாம் விளக்கிய முறையினவே. படைத்தலைமை நிலையமென்று கருதித் தாக்கியதாகச் சொல்லப்பட்டது. உள்ளே உறங்கியவர்கள் பொதுமக்கள். 400 க்கு மேற்பட்டோர் மாண்டனர். வெப்பத்தைக் காணும் கண் அக்கட்டிடத்தின் கூரையைத் தெளிவாகக் கண்டது. கூரையின் கீழே தாயும் பிள்ளையும் படுத்திருந்ததை அது காணவில்லை. கருவியிற் பழுது ஏதும் இருக்கவில்லை. சுவர் வீசும் கதிரைத்தான் அது காணும். சுவருக்கு அப்பாலிருப்பவர் யார் என்பது அலைநீளத்தால் அறியக்கூடியதன்று.

பன்னெடுங்காலமாக இரவு என்பது பலமற்றவர்களுக்கு ஒரு காப்பாயிருந்தது. பகலிற் பதுங்கியவர் இரவில் நீர் மொண்டனர், வழி நடந்தனர், மாரிக்கால முகில் வானை மூடியபோது சற்று நிம்மதியாகக் கண்ணயர்ந்தனர். படைவீரனுக்கு உதவிய அதே இருள் குடிமகனுக்கும் உதவிற்று. நாம் இன்று விளக்கிய கருவிகள் அந்தக் காப்பை இருவரிடமிருந்தும் ஒருங்கே எடுத்துவிட்டன. அதனை எடுத்தவர்களுக்கு, இருளிலும் முகிலிலும் குண்டை விடுவதற்கு முன்னர் அவ்விடத்தில் இருப்பவர் யார் என்று கேட்டு அறியும் பொறுப்பு முன்னையினும் பன்மடங்கு கூடிவிட்டது. இலக்கைக் காணமுடியாத காலத்தில், 'தெரியவில்லை' என்று சொல்லித் திரும்பிவிடலாம். காணமுடிந்த காலத்தில் அவ்வாறு சொல்லமுடியாது.

பாடசாலை மாணவர்கள் எவரேனும் இப்பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பின், அவர்களுக்கு ஒரு வார்த்தை. ஹேர்ஷல் வெப்பமானியை வைத்துக் கண்ட கதிர் போருக்கு மட்டும் உரியதன்று. எரியும் கட்டிடத்தின் புகையினூடே மயங்கிக் கிடப்பவரைத் தீயணைப்புப் படையினர் தேடுவதும், கடலில் வீழ்ந்தவரை இரவிலே மீட்புப் படையினர் கண்டுபிடிப்பதும் அதே கதிரின் உதவியால்தான். அலைநீளத்தையும் அகலத்தையும் வகுக்கும் அந்தச் சிறு கணக்கை வீட்டிலே ஒருமுறை நீங்களே செய்து பாருங்கள். ஒரு கருவி எதைக் காணும் என்பதோடு, எதைக் காணாது என்பதையும் அக்கணக்கு உங்களுக்குச் சொல்லும்.